நடுவயதில் எழும் அனல்

கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. புத்தளம், பாலாவி உப்பளங்களில் நீரை உப்பாக்குவதும், உடப்புக் கரையில் மீனைக் கருவாடாக்குவதும் அந்த வெயிலேயாகும். இத்தகைய ஊரில் 48 வயதுப் பெண்ணொருத்தி, "உடம்பெல்லாம் எரிகிறது" என்று சொன்னால், அதனை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "யாருக்குத்தான் எரியவில்லை?" என்னும் மறுமொழியே கிடைக்கும். அவளும் அது வெயிலின் வேலை என்றே எண்ணியிருப்பாள். ஆனால் மார்கழி மாதத்து நள்ளிரவில், பக்கத்தில் உறங்குவோர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வேளையில், தான் மட்டும் வியர்வையில் நனைந்து எழுந்து உட்காரும்போது, வெயிலின்மீது பழியைப் போட வழியில்லை.

இதனை அனல் வீச்சு எனலாம். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் தோன்றும் குறிகளுள் பலரும் அறிந்தது இதுவே. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என மேலேறும் திடீர்ச் சூடு, படபடப்பு, பின்னர் வியர்வை, அது அடங்கியதும் ஒரு நடுக்கம். ஒருமுறை எழுவது பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நில்லாது. ஆயினும் ஒரு நாளில் பத்துத் தடவையும் இரவில் நான்கு தடவையும் வருமாயின், உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மறுநாள் வேலையும் மனமும் கெடும்.

மாதவிலக்கு நிற்பது நோயன்று. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென்று மருத்துவர் கொள்வர். பெரும்பாலோர்க்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இது நிகழும். சத்திரசிகிச்சையால் சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்டவர்களுக்கு எந்த வயதிலும் நிகழலாம். அவர்களிடம் அனல் வீச்சு திடீரென்றும் கடுமையாகவும் வரும். கரையோரப் பெண்களிற் பலர் இம்மாற்றத்தை மனநிறைவோடு ஏற்பதும் உண்டு. முஸ்லிம் பெண் நோன்பு மாதத்தில் ஒரு நாளும் விடாமல் நோன்பு நோற்கலாம். இந்துப் பெண் நாள் பார்த்து ஒதுங்காமல் முன்னேசுவரத்துக்குப் போய்வரலாம். மகிழ்வுக்குரிய இந்தப் பருவத்தில் ஏன் இந்த அனல்?

விடை மூளையில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்னும் சிறு பகுதி உடல் வெப்பத்துக்குக் காவல் நிற்கிறது. உடலின் உள்வெப்பம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். எல்லை கடந்தாற்றான் வியர்வையை அழைக்கும். அல்லது நடுக்கத்தை அழைக்கும். அமெரிக்காவில் டெட்ரொயிற் நகரத்து ஆய்வாளர் றொபேட் ஃப்ரீட்மன் என்பவர் 1990களில் இந்த எல்லையை அளந்து பார்த்தார். அனல் வீச்சு இல்லாத பெண்களிடம் இரு எல்லைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸ் இடைவெளி இருந்தது. அனல் வீச்சு உடையவர்களிடம் அந்த இடைவெளி இல்லையென்றே சொல்லும்படி சுருங்கியிருந்தது. எனவே, அடுப்படியில் ஒரு கணம் குனிந்தெழும் சிறு சூட்டுக்கும் அவர்களின் உடல், தீப்பற்றிய வீட்டுக்கு மணியடிப்பதுபோல் முழு ஆரவாரத்தோடு வியர்வையை அழைத்துவிடுகிறது.

இடைவெளி ஏன் சுருங்குகிறது? சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் குறைவதே காரணம். 1990களின் தொடக்கத்தில் நயோமி ரான்ஸ் என்னும் ஆய்வாளர், மாதவிலக்கு நின்ற பெண்களின் ஹைப்போதலமஸில் ஒருவகை நரம்பணுக்கள் பருத்திருப்பதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை அடங்கியிருந்த அவை, அது குறைந்ததும் நியூரோகைனின் பி என்னும் பொருளை மிகுதியாக வெளியிட்டு, வெப்பக் காவலைக் குழப்புகின்றன. அன்று எவரும் பெரிதாகக் கவனியாத இச்செய்தி, முப்பது ஆண்டுகளின் பின் புதிய மருந்தொன்றுக்கு வழிகாட்டியது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வெயில் இந்த அனலை உண்டாக்குவதில்லை, ஆனால் தூண்டுகிறது. உப்பளத்திலோ கருவாட்டுப் பாய்களுக்கு நடுவிலோ நிற்கும் பெண்ணின் உடல் ஏற்கெனவே மேலெல்லையின் அருகில் நிற்கிறது. அங்கே ஒரு கோப்பை கொதிக்கும் வெறுந்தேநீர் போதும். வெற்றிலை பாக்கும் அப்படியே. பாக்கு, தோலின் வெப்பத்தைக் கூட்டி வியர்வை வரச் செய்வது மெய்யாகவே உண்டு.

இலங்கைப் பெண்களிடையே நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வொன்றில், 45 முதல் 60 வயதுடையோரில் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் அனல் வீச்சு உண்டென்றனர். மூட்டு, தசை வலி உண்டென்றவர்களோ நால்வரில் மூவர். கீழைநாட்டுப் பெண்களுக்கு இத்தொல்லையே இல்லை என்று மேலைநாட்டு நூல்கள் சில ஒருகாலத்தில் எழுதின. அஃது உண்மையன்று. கேட்டவர் இல்லாததனால் சொன்னவரும் இல்லை என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

வியர்வை எல்லாம் இந்த வியர்வையென்று கொள்வதும் பிழையாகும். புத்தளம் ஒருகாலத்தில் மலேரியா மலிந்த மாவட்டம். இரவில் வியர்த்தால் காய்ச்சலென்று எண்ணுவது மூத்தோரின் பழக்கம். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. ஆயினும் வேறு காரணங்கள் உள. தைரோயிட் சுரப்பி மிகையாக இயங்கினால் சூடும் படபடப்பும் வரும், உடலும் மெலியும். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவருக்கு இரத்தத்திற் சர்க்கரை அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் குளிர்ந்த வியர்வை கொட்டும். நோன்பு காலத்தில் இதனைச் சூடென்று கருதி வாளாவிருத்தல் ஆபத்து. நாள்தோறும் இரவு வியர்வையோடு இருமலும் மெலிவும் இருப்பின் சயரோகப் பரிசோதனை வேண்டும்.

வீட்டு வைத்தியத்தின் முதற் கட்டளை "சூடான சாப்பாட்டை நிறுத்து" என்பதாகும். இறால், நண்டு, அன்னாசி என ஒவ்வொன்றாக விலக்கப்படும். அனல் வீச்சு இவற்றால் வருவதென்பதற்குச் சான்று இல்லை. விலக்குவதால் இழப்பு மட்டும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்த பின் பெண்ணின் எலும்பு விரைந்து தேயும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, முருங்கையிலை, எள் ஆகியவை சுண்ணச் சத்துத் தருபவை. கடலோரத்திலே பிறந்து, சுண்ணமும் புரதமும் வேண்டிய வயதில் மீனை விட்டுவிடுவது வருந்தத்தக்கது. இளநீர் குடிக்கலாம், தாகம் தீரும். அனலைத் தணிக்குமென்று அதன்மேல் பாரம் சுமத்த வேண்டியதில்லை.

சாத்தாவாரிக் கிழங்கு சித்த ஆயுர்வேத மருத்துவர் மதிக்கும் மூலிகை. அதன் இலைக்கஞ்சியும் இந்நாட்டிற் பழக்கமானது. கஞ்சியாய்க் குடிப்பதில் குறையில்லை. அனல் வீச்சை அடக்குமென்பது மட்டும் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. "எனக்குக் கேட்டதே" என்பாரும் பொய் சொல்லவில்லை. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைப் பெற்ற பெண்களிடமும், ஆய்வுகளில், அனல் வீச்சு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த மருந்தும் இந்தப் பாதியைத் தாண்டிக் காட்டினாற்றான் மருந்தாகும்.

அப்படித் தாண்டிக் காட்டியவற்றுள் முதலிடம் ஈஸ்ட்ரோஜனுக்கே. வெற்று மாத்திரையோடு ஒப்பிடுகையில் அது அனல் வீச்சுகளை நான்கில் மூன்று பங்கு குறைக்கிறது. இதன் வரலாறு ஏற்றமும் இறக்கமும் நிறைந்தது. 1942இல் அமெரிக்காவில் கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1960களில், என்றும் இளமை தரும் மருந்தென்று அதனைப் பறைசாற்றினர். 1975இல், கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பை அது கூட்டுவதாகத் தெரிந்தது. அதன்பின் கருப்பை உள்ளவர்களுக்கு புரொஜெஸ்டோஜன் என்னும் துணை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாயினர். 2002இல் அமெரிக்காவிலே 16,608 பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு மருந்துண்டால், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கு மேலதிகமாக வருமென்று அது காட்டியது; பக்கவாதமும் 8 பேருக்கு மேலதிகம்; இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. செய்தி பரவியதும் உலகெங்கும் பெண்கள் மருந்தை வீசியெறிந்தனர். பல மருத்துவரும் எழுதிக் கொடுக்க அஞ்சினர்.

அவ்வச்சம் அளவுக்கு மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும். அவ்வாய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அனல் வீச்சால் வாடுவோர் பெரும்பாலும் அதற்குப் பத்து ஆண்டு இளையோர். 60 வயதுக்கு உட்பட்டவராயும், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டு கடவாதவராயும், வேறு தடையற்றவராயும் இருக்கும் பெண்ணுக்கு இம்மருந்தால் நன்மையே மிகுதி என்பது இன்று மருத்துவ உலகின் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர், இரத்தக் கட்டி அல்லது பக்கவாதம் கண்டவர், கடும் ஈரல் நோயுள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோர்க்கு இது ஆகாது. தோலில் ஒட்டும் வகை, விழுங்கும் மாத்திரையைவிட இரத்தம் உறையும் அபாயம் குறைந்தது. குதிரையின் சிறுநீர் என்றதும் முகஞ்சுளிப்போர்க்கு ஒரு சொல்: இன்று பெரிதும் வழங்கும் ஈஸ்ட்ரடையோல், தாவரப் பொருளிலிருந்து ஆய்வுகூடத்தில் ஆக்கப்படுவது.

ஓமோன் ஆகாதவர்க்கும் வழியுண்டு. மனச்சோர்வுக்கெனக் கண்ட வென்லஃபக்சின், பரொக்செற்றின் போன்ற மருந்துகள் சிறிய அளவில் அனலையும் தணிக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் உண்பவர் பரொக்செற்றின் உண்ணலாகாது. அது தமொக்சிஃபெனின் பயனைக் கெடுக்கும். இரவு வியர்வைக்கு கபபென்ரின் உதவும். முன்னர் கூறிய நரம்பணுக்களை அடக்கும் ஃபெசொலினெற்றன்ற் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இஃது ஓமோன் அன்று. ஆனால் ஈரலைத் தாக்கக்கூடுமாதலால் இரத்தப் பரிசோதனை இன்றி உண்ணத்தக்கதன்று. இலண்டனில் மைரா ஹன்ரர் என்னும் உளவியலறிஞர், மருந்தில்லாமலே சிந்தனைப் பயிற்சியால் உதவலாமென்று 2012இல் வெளியான ஆய்வுகளிற் காட்டினார். அனல் எழுந்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அதன் தொல்லை குறைந்தது. "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்னும் கூச்சம் நீங்கினாலே அனலின் பாதி போய்விடும்போலும்.

பருத்திச் சேலை, காற்றோட்டமான படுக்கை, பனையோலை விசிறி, ஆறிய பின் குடிக்கும் தேநீர் ஆகியவை ஆறுதல் தருபவை. அவை மருத்துவமல்ல, செலவும் இல்லை. புகையிலையை விடுவது அவற்றினும் பெரிய நன்மை.

இத்தொல்லை சில மாதங்களில் மறையுமென்று பொறுத்திருப்போர் பலர். அமெரிக்காவில் நெடுங்காலம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர அளவாக அது 7.4 ஆண்டுகள் நீடித்தது. ஏழாண்டு உறக்கமின்மை பொறுமைக்குரிய பொருளன்று.

பொறுக்கவே கூடாத ஒன்றும் உண்டு. ஓராண்டு முழுதும் மாதவிலக்கு நின்றிருந்து, பின்னர் இரத்தம் ஒரு துளி பட்டாலும், "மீண்டும் வந்துவிட்டது" என்று வீட்டிலே ஒதுங்கியிருத்தல் தவறு. அத்தகைய பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் கருப்பைப் புற்றுநோய் காணப்படுகிறது. ஒன்பது பேருக்குக் காரணம் சிறியதாகவே இருக்கும். எவர் அந்த ஒருவர் என்பது பரிசோதனையிற்றான் தெரியும். தொடக்கத்திற் கண்டால் அந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

இதற்கெல்லாம் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், சுவநாரி எனப்படும் மகளிர் நலக் கிளினிக்குகள் 1996 முதல் இந்நாட்டில் நடைபெறுகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே கட்டணமின்றிப் பார்ப்பர். குழந்தை பெற்ற நாளில் வீடு தேடி வந்த குடும்பநல மாதுவிடமே கிளினிக் நாளைக் கேட்டறியலாம். மேற்கொண்டு வேண்டுமாயின் புத்தளம், சிலாபம் அரசினர் மருத்துவமனைகளிலுள்ள பெண்ணோயியல் நிபுணரிடம் அனுப்புவர். போகுமுன் வீட்டு நாட்காட்டியில் இரு வாரங்களுக்கு, பகலில் எழுந்த அனலுக்கு ஒரு கோடும் இரவில் எழுந்ததற்கு ஒரு புள்ளியும் இட்டு, கடைசியாக மாதவிலக்கு வந்த திகதியையும் குறித்து, அந்தத் தாளையும் உண்ணும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோதல் நன்று.