முதலில் குதிரை, பிறகுதான் பையன்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865), 18 வயது நிறையாதவரைப் படையில் எடுக்கக் கூடாது என்று 1862இல் வட மாநிலங்களின் அரசு சட்டம் போட்டது. ஆனால் சேருகிறவன் சத்தியம் செய்து சொல்லும் வயதே முடிவானது என்றும் அதே சட்டம் சொன்னது. பதினாறு வயதுப் பையன் கையை உயர்த்திப் ‘பதினெட்டு’ என்றால் போதும், பதறி ஓடிவரும் தகப்பன் பேச்சு எடுபடாது. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம் இப்படியொரு வாசலைத் திறந்துவைத்தது பெரும் அநியாயம்.

நடக்க வேண்டியதில்லை என்று குதிரைப்படையைத் தேடி வந்த பையன்கள் குதிரைக்கு ஊழியம் செய்யத்தான் வந்து சேர்ந்தார்கள். காலையில் லாயத்துக்கு அழைக்கும் பியூகிள் ஒலித்ததும் உடம்பு தேய்த்துவிட வேண்டும், குளம்பைச் சுரண்ட வேண்டும், தீனி வைக்க வேண்டும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அளந்திருந்த தீனி 14 பவுண்டு உலர்புல், 12 பவுண்டு தானியம். ஏறக்குறைய 12 கிலோ. எதிரியின் நிலத்தில் புகுந்தபின் அவ்வளவையும் சுமந்து திரிய முடியாது. வழியில் இருக்கும் குடியானவரின் களஞ்சியத்தில்தான் கைவைத்தார்கள்.

வடக்குக் குதிரைப்படை பெரும்பாலும் பயன்படுத்தியது, 1859இல் ஏற்கப்பட்ட மெக்கிளெல்லன் சேணம். மரச்சட்டத்தின் மேல் பச்சைத்தோல் இழுத்துத் தைத்தது. நடுவில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். ஆளின் பாரம் முதுகெலும்பில் இறங்காமல் இருபுறமும் பிரிந்துவிடும். அடியில் மடித்துப் போடும் கம்பளியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் முதுகு புண்ணாகும். இரவுப் பயணத்தில் பையன் தூங்கி ஒருபக்கம் சாய்ந்தாலும் அதே கதிதான். முதுகு புண்ணான குதிரை படைக்கு உதவாது. அதனால் வளரும் வயதுப் பையனுக்குத் தூக்கமே குற்றமாகிவிட்டது.

வாள் இருந்தும் பல சண்டைகளில் குதிரையைவிட்டு இறங்கி நின்றே சுட்டார்கள். ஷார்ப்ஸ் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் குண்டைப் பின்புறமாகவே போடலாம். ஸ்பென்சர் துப்பாக்கியில் ஏழு தோட்டாக்கள் அடங்கும். நால்வருக்கு ஒருவன் பின்னால் நின்று நான்கு குதிரைகளையும் பிடித்துக்கொள்வான். வெடிச்சத்தத்தில் மிரளும் நான்கு மிருகங்களை இழுத்துப் பிடிப்பது, முன்வரிசையில் நிற்பதைவிட லேசான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

தெற்குப் படையிலோ குதிரையையும் வீரனே கொண்டுவர வேண்டும். அதற்கு அரசு நாளுக்கு 40 சென்ட் கொடுத்தது. குதிரை செத்தால் வேறொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காதவன் காலாட்படைக்குப் போனான்.