நான்கு அணுவுக்கு ஒரு மணி

செல்லின் மேலுறைதான் நான் கணினியில் ஆராயும் பொருள். கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்கு நடுவே இரண்டு அடுக்காக நின்று, ஓயாமல் நெளியும். குரோமாக்ஸ் மென்பொருள் ஒவ்வோர் அணுவின் மீதுமுள்ள விசையைக் கணக்கிட்டு, அதைத் துளித்துளியாக நகர்த்தும். ஒரு நகர்வுக்கு 2 ஃபெம்டோ நொடி. நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. ஒரே ஒரு மைக்ரோ நொடியைப் பார்க்க 50 கோடி நகர்வு வேண்டும். மேலுறை வளைந்து குமிழாவதை இப்படிப் பார்ப்பது கட்டுப்படியாகாது.

அதற்குத்தான் மார்ட்டினி. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மாரிங்க் குழு உருவாக்கிய மாதிரி இது. ஹைட்ரஜன் நீங்கலாக, ஏறக்குறைய நான்கு அணுக்களை ஒரே மணியாக்கிவிடும். தண்ணீரில் நான்கு மூலக்கூறுக்கு ஒரு மணி. நகர்வும் 20 ஃபெம்டோ நொடியாக நீளும்.

இழப்பும் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு கண்ணில் படாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே தண்ணீர் மணிகள் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கச் சற்றுப் பெரிய மணிகளையும் கலப்போம். ஆகவே பெரிய அசைவை மணிகளில் பார்த்துவிட்டு, நுணுக்கம் தேவைப்படும்போது அணுக்களை மீண்டும் பொருத்தி ஓட்டுகிறோம். வேதி அமைப்புகளுக்கு இப்படிப் பல அளவு மாதிரிகளை வகுத்ததற்காகவே 2013இல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

குரோமாக்ஸும் மார்ட்டினி கோப்புகளும் இலவசம். சிறு மேலுறை ஒன்றைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டலாம். வேதியியலோ இயற்பியலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.