அரை மாத்திரைப் பொழுது

"என்னடா, பெட்டியை அணைக்காமலே படுத்துட்டியா?"

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கேட்டாள். கூடத்து மூலையில் கம்ப்யூட்டரின் ஃபேன் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் இருட்டாக இருந்தது.

"அணைக்கலம்மா. வேலை செய்யுது."

"யார் வேலை?"

சரியான கேள்விதான். அது என் வேலை இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு சர்வரிலிருந்து வந்த புரதம் ஒன்று என் வீட்டு மூலையில் நெளிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, வெறும் எண்கள். விடிவதற்குள் விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்தப் பொட்டலத்துக்கு ஒர்க் யூனிட் என்று பெயர். திட்டத்துக்கு ஃபோல்டிங் அட் ஹோம். 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கியது.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். உடம்புக்குள் அது ஒரு நீண்ட சங்கிலி. அமினோ அமிலங்கள் மணி மணியாகக் கோத்த அந்தச் சங்கிலி, சரியான வடிவத்தில் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். எந்தக் கோணத்தில் அது மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதற்கு முதலில் வரைபடம் போட்டது நம் ஊர்க்காரர்கள்தான். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட அந்தப் படம் இல்லாத உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தை இன்றும் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

ஆனால் மடிந்த பிறகும் புரதம் சிலைபோல் நிற்பதில்லை. திறக்கிறது, மூடுகிறது, நடுங்குகிறது. மருந்து போய் ஒட்டவேண்டிய பள்ளம் சில சமயம் ஒரு கணம் மட்டும் திறந்து மூடிக்கொள்ளும். அந்த அசைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இத்தனை கம்ப்யூட்டர்கள். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு துளிக்கு ஃபெம்டோ விநாடி என்று பெயர். இரண்டு, மூன்று ஃபெம்டோ விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு அணுவும் எங்கே நகர்ந்தது என்று கணக்கிட வேண்டும். முந்தைய அடி முடியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. அப்படியானால் இதை ஊரெல்லாம் எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது? ஒரே தோசையை நாலு அடுப்பில் வார்க்க முடியுமா?

இந்த இடத்தில்தான் அவர்கள் புத்திசாலித்தனம் செய்தார்கள். தேரோட்டத்தன்று ஒருவனை நாள் முழுக்கப் பின்தொடர்ந்தால் அவன் போன வழி மட்டும்தான் தெரியும். அதற்குப் பதில் ஆயிரம் பேரை, வெவ்வேறு முனையில், ஆளுக்கு ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். கூட்டம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சந்து அபூர்வமாகத்தான் திறக்கிறது எல்லாம் பிடிபட்டுவிடும். புரதத்தையும் அப்படியே பல வடிவங்களிலிருந்து கிளப்பிவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு துண்டை மட்டும் ஓட்டுகிறார்கள். துண்டுகளைத் தைத்து வரைபடமாக்கும் கணக்குக்கு மார்க்கோவ் மாடல் என்று பெயர். என் வீட்டு மூலை அதில் ஒரு தையல்.

2020 பிப்ரவரி வரை சுமார் 30,000 பேர்தான் இதில் இருந்தார்கள். கொரோனா வந்தது. திட்டத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்த கிரெக் பௌமன் குழு, வைரஸின் புரதங்களையும் கையில் எடுக்கப் போவதாக அறிவித்தது. வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பார்த்து, உங்கள் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள் என்று என்விடியா கேட்டது. சில மாதங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணிக்கையில் விநாடிக்கு விநாடி கணக்குப் போடுவதுதான் எக்ஸாஃப்ளாப் வேகம். உலகத்தில் முதன்முதலாக அதைத் தாண்டியது எந்த அரசாங்க சூப்பர் கம்ப்யூட்டரும் இல்லை. படுக்கையறையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் கிடந்த இந்தப் பெட்டிகள்தான். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு சாம்பார் வராத கதையும் நடந்தது. கம்ப்யூட்டர்கள் தயார், சர்வர்களால் ஒர்க் யூனிட் அனுப்ப முடியவில்லை. வேலை கேட்டு வேலை கிடைக்காமல் லட்சக்கணக்கான இயந்திரங்கள் காத்துக்கிடந்தன. இந்த வகைத் திட்டங்களில் பேர்பெற்றதான, வேற்றுக்கிரக சமிக்ஞை தேடிய சேட்டி அட் ஹோம், அதே ஆண்டு மார்ச் 31ஆம் தேதியோடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது இன்னொரு வேடிக்கை.

இத்தனை இயந்திரங்களும் ஓடி என்ன கிடைத்தது? 2021இல் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் முடிவுகள் வந்தன. வைரஸின் முள்புரதம், ஆய்வகப் படங்களில் தெரிந்ததைவிட மிக அகலமாக வாய் திறப்பது தெரிந்தது. மருந்து ஒட்டக்கூடிய, முன்பு கண்ணில் படாத ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் அகப்பட்டன. இதற்காக ஓட்டிய மொத்த நேரத்தைக் கூட்டினால், புரதங்களின் வாழ்க்கையில் 0.1 விநாடி.

தொல்காப்பியர் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார். அந்தக் கணக்கில் இது ஒரு மெய்யெழுத்துக்கு உரிய அரை மாத்திரை அளவுதான் வரும். பத்து லட்சம் கம்ப்யூட்டர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்கிட்டது ஒரு 'க்' அளவு நேரத்தை!

இன்னொரு மாத்திரை, விழுங்குகிற மாத்திரை, வந்ததா? கோவிட் மூன்ஷாட் என்ற கூட்டு முயற்சியில் மருந்து மூலக்கூறுகளுக்கான யோசனைகளை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், காப்புரிமை கிடையாது. வந்தது 18,000க்கு மேல். எதைச் செய்து பார்ப்பது, எதை ஒதுக்குவது என்று சலித்துக்கொடுத்ததில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதிலிருந்து மருந்துக்கடைக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை. இதை மறைத்துவிட்டு, 'உங்கள் கணினி உயிர் காக்கிறது' என்று எழுதும் விளம்பர நடை எனக்கு ஒவ்வாது.

'சும்மா கிடப்பதைத்தானே கொடுக்கிறோம்' என்ற பேச்சும் அப்படித்தான். 25 வருஷத்துக்கு முன்னால் அதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்து பிராசசர் தூங்கினாலும் உழைத்தாலும் இழுக்கும் கரன்ட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்றையது அப்படியில்லை. என் பெட்டியை மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருந்தால் 40 வாட், புரதம் ஓடினால் 200. ராத்திரி எட்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக ஒன்றேகால் யூனிட். இரண்டு மாத பில்லில் 75 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், மாதாந்திர மளிகைச் சீட்டு போடுவதுபோல் கணக்குப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே நான் கொடுப்பது கரன்ட். லேப்டாப்பில் ஓட்டாதீர்கள், சூட்டில் வாடிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்காமல் ஏற்றாதீர்கள். கரன்ட் உங்களுடையது இல்லை.

சித்திரை, வைகாசியில் நான் நிறுத்திவிடுவேன். அந்தக் கூடத்தில் இன்னொரு அடுப்பு எரிவதைத் தாங்க முடியாது. ஐப்பசி பிறந்தால் திரும்பவும் ஆரம்பம். போன அடைமழையில் மூன்று நாள் துணி காயவில்லை. கொடி கட்ட இடமில்லாமல் வீடெல்லாம் ஈர வாடை. ராத்திரி பத்து மணிக்கு அம்மா வந்து நின்றாள்.

"இன்னிக்கு அந்தப் புரோட்டீன் ஓடுதா?"

"ஏன்?"

பதில் சொல்லவில்லை. பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வரும் இடத்துக்கு நேராக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பேரனின் பள்ளிக்கூட சாக்ஸ் இரண்டையும் அதன்மேல் விரித்துவிட்டுப் படுக்கப் போனாள்.