உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்குள்ளே மின்சாரம்!

புயல் அடித்துக் கம்பங்கள் சாயும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் ஒருவராவது சொல்வார்: "எல்லாத்தையும் பூமிக்கு அடியில போட்டுத் தொலைச்சா என்னவாம்?" நியாயமான கேள்விதான். பதில் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

★ கம்பம்தான் பழையது, கேபிள் புதுசு என்று நினைக்கிறோம். எடிசன் தொடங்கியதே மண்ணுக்குள்தான். 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது, வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது தெருவுக்கு அடியில். இரும்புக் குழாய்க்குள் செம்புத் தண்டுகளை வைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி காப்புக் கலவை ஊற்றிப் புதைத்தார்கள். அதே ஊரில் தந்தி, தொலைபேசி, தெருவிளக்குக் கம்பிகள் எல்லாம் வானத்தை மறைத்துக்கொண்டு தலைக்கு மேலே ஓடின. 1888 மார்ச்சில் வந்த பனிப்புயல் அவற்றை அறுத்துத் தெருவில் போட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு லைன்மேன், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்பி வலைக்குள் சிக்கி இறந்தார். அதன் பிறகு, மாநகர நிர்வாகம் கோடரியோடு கம்பங்களை வெட்டிச் சாய்ப்பது தீவிரமானது.

★ தலைக்கு மேலே போகும் ஹெச்.டி. லைனுக்குப் பெரும்பாலும் உறையே கிடையாது. சுற்றியிருக்கும் காற்றுதான் காப்பு. அதற்குக் காசு இல்லை. நடுவில் எஃகு, சுற்றிலும் முறுக்கிய அலுமினியம், அவ்வளவுதான் கம்பி. அளவுக்கு ஏற்ப ராபிட், டாக், பேந்தர், மூஸ் என்று மிருகப் பெயர்களில்தான் இதை வாங்குவார்கள், விற்பார்கள்.

புதைக்கும் கேபிளின் கதை வேறு. வெட்டிப் பார்த்தால் நடுவில் கடத்தி, அதன் மேல் மெல்லிய கறுப்புப் படலம், அப்புறம் கெட்டியான பாலிஎத்திலீன் காப்பு, மறுபடி ஒரு படலம், செம்புத் திரை, உள்ளுறை, எஃகுக் கவசம், எல்லாவற்றுக்கும் மேலே பிவிசி உறை. இத்தனையையும் துளி ஈரமோ காற்றுக் குமிழோ இல்லாமல் தயாரிக்க வேண்டும். உள்ளே ஒரு குமிழ் இருந்தால் போதும், சில ஆண்டுகளில் அந்த இடத்தில்தான் கேபிள் வெடிக்கும். புதைவடம் பல மடங்கு விலை என்று ஈபி கையை விரிப்பதற்கு இதுவே முதல் காரணம். பள்ளம் தோண்டும் செலவு தனி.

★ 11 கிலோவோல்ட் கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும்? இந்தியத் தர விதிப்படி குறைந்தது 90 செ.மீ. பள்ளத்தின் அடியில் மணல் பரப்பி, கேபிளைக் கிடத்தி, மறுபடி மணல் போட்டு, அதன்மேல் செங்கல்லோ ஓடோ அடுக்கி, எச்சரிக்கை நாடா விரித்துத்தான் மண் தள்ள வேண்டும். செங்கல் எதற்கு? கடப்பாரை இறங்கும்போது 'டங்' என்று சத்தம் கேட்டுத் தோண்டுபவர் நிறுத்துவார் என்பதற்காக. கடப்பாரை காலத்து ஏற்பாடு இது. ஜேசிபிக்குச் செங்கல்லும் ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான். நம்மூர்த் தெருவைக் குடிநீருக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர், இன்டர்நெட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துத் தோண்டுகிறார்கள். அடியில் எது எங்கே போகிறது என்ற வரைபடம் எல்லோர் கையிலும் இருந்தால் பாதி ஃபால்ட் குறையும்.

★ புதைத்துவிட்டால் கரண்ட் போகவே போகாது என்று யாராவது சொன்னால், ஆக்லாந்து கதையைச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரம் அது. அதன் மையப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவந்தவை நான்கு பெரிய புதைவடங்கள். 1998-ன் கோடை கடுமையாக இருந்தது. ஜனவரி 22-ல் ஒரு கேபிள் போனது. மீதி மூன்றும் சுமையைத் தாங்கும் என்று ஓட்டினார்கள். பிப்ரவரி 9-ல் இரண்டாவது. 19-ல் மூன்றாவது. மறுநாளே நான்காவதும் படுத்துவிட்டது. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த நகர மையம் ஏறத்தாழ ஐந்து வாரம் ஜெனரேட்டர்களை நம்பி நின்றது.

மண்ணுக்குள் இருக்கும் கேபிள் தன் சூட்டை மண்ணுக்குத்தான் தள்ள வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்வரை சூடு இறங்கும். காய்ந்த மண் சூட்டை இழுக்காது. கேபிள் தன் சூட்டிலேயே வேகும். மேலே தொங்கும் கம்பிக்கு இந்தப் பிரச்சினை குறைவு, காற்று விசிறிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் ஆக்லாந்தைக் காப்பாற்றியது எது தெரியுமா? ரயில் பாதையோரமாக அவசர அவசரமாக இழுத்த ஒரு தற்காலிக மேல்நிலை லைன்!

★ கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் கேபிள் போனால்? முதலில் ஒரு கருவியை மாட்டி, கோளாறு ஏறத்தாழ எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு வேனில் இருந்து உயர் மின்னழுத்தத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை விட்டு விட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் பழுதான இடத்தில் மண்ணுக்கடியில் 'தொம்' என்று ஒரு வெடிப்பு. ஊழியர் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தரையில் ஒலிவாங்கியை வைத்து வைத்துக் கேட்டபடி நகர்வார். சத்தம் எங்கே பலமோ அங்கே சுண்ணாம்பில் ஒரு வட்டம். அங்கேதான் தோண்ட வேண்டும். பகலில் போக்குவரத்து இரைச்சலில் இது கேட்காது. உங்கள் தெருவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஈபிக்காரர்கள் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

★ சென்னையிலிருந்து மதுரைவரை 400 கிலோவோல்ட் ஏ.சி. லைனைப் புதைவடமாகவே கொண்டுபோக முடியுமா? பணம் இருந்தாலும் அப்படியே முடியாது. கேபிளில் கடத்திக்கும் வெளித்திரைக்கும் நடுவே ஒரு மின்தேக்கி தானாக உருவாகிவிடுகிறது. ஏ.சி. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். தூரம் கூடக் கூட இந்த வெட்டி மின்னோட்டமே கேபிளை அடைத்துக்கொள்ளும். பஸ் முழுக்கக் கண்டக்டர்களே ஏறிவிட்டால் பயணிக்கு எங்கே இடம்? சில பத்து கிலோமீட்டர் தாண்டினாலே, வழியில் ஈடுசெய்யும் நிலையங்கள் கட்ட வேண்டும். நீண்ட கடலடிக் கேபிள்கள் பெரும்பாலும் டி.சி.யில் ஓடுவது இதனால்தான்.

★ சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் டி.சி. லைன் வருகிறது. நீளம் சுமார் 1,765 கி.மீ., திறன் 6,000 மெகாவாட். அங்கிருந்து 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் திருச்சூருக்குப் போகிறது. தமிழ்நாடு முழுக்கக் கோபுரம். கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர்வரை சுமார் 27 கி.மீ. மட்டும் மண்ணுக்குள்!

2018-ல் ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உட்கார்ந்தபோது கேட்ட கேள்வி இதுதான்: கேரளத்தில் சாலையோரமாகப் புதைக்க முடிகிறது, இங்கே ஏன் முடியாது? தொழில்நுட்பப் பதில் ஒன்று உண்டு. மண்ணில் புதைக்கும் 800 கிலோவோல்ட் கேபிள் அன்று சந்தையிலேயே இல்லை. ஆனால் 320 கிலோவோல்ட் பகுதிக்கு அந்தப் பதில் செல்லாது. அங்கே பேசியது செலவுக் கணக்கு.

உண்மையில் வயிற்றெரிச்சல் கேபிளைப் பற்றியது மட்டுமல்ல. 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நடலாம். முன்பு பயிருக்கும் மரத்துக்கும்தான் காசு கிடைத்தது. கோபுரக் கால் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் தரலாம் என்று மத்திய அரசு வழிகாட்டி போட்டதே 2015-ல்தான். 2024-ல் அதை 200 சதவீதமாக்கியது. புதைப்பதற்கு ஆகும் செலவை மட்டும் 'அதிகம்' என்று எழுதிவிட்டு, தென்னை வைக்க முடியாமல் போன தோப்பின் நட்டத்தை எந்தப் பக்கத்திலும் எழுதாத கணக்கு எப்படிச் சரியாகும்?

★ ஜெர்மனியில் இதே சண்டை நடந்தது. கோபுரம் வேண்டாம் என்று பவேரியா முரண்டு பிடிக்க, 2015-ல் சட்டத்தையே மாற்றி நீண்ட டி.சி. லைன்களுக்குப் புதைவடமே முதல் தேர்வு என்றார்கள். வடக்கின் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் சூட்லிங்க், சுமார் 700 கி.மீ. மண்ணுக்குள் போகிறது. 2022-ல் முடிய வேண்டியது. இப்போது 2028 என்கிறார்கள்.

★ சிங்கப்பூரில் மின் விநியோகம் ஏறக்குறைய முழுவதும் தரைக்கு அடியில். அதிலும் உயர் அழுத்தக் கேபிள்களுக்காகச் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் 35 கி.மீ. சுரங்கம் குடைந்து வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், டோக்கியோவின் 23 வட்டங்களில் கம்பமில்லாத சாலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பங்களை ஒழிக்க 2016-ல் ஜப்பான் தனிச் சட்டமே போட்டது. பணக்கார நாடென்றால் எல்லாம் புதைந்திருக்கும் என்பது சரியல்ல.

★ 2018 நவம்பர் 8. கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எரித்து 85 உயிர்களைக் குடித்த தீ, ஒரு மின்கோபுரத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டாகத் தேய்ந்துகொண்டிருந்த ஒற்றைக் கொக்கி அறுந்ததில் பிறந்தது. அந்த மின் நிறுவனம் 84 பேரின் சாவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-ல் 10,000 மைல் லைனைப் புதைக்கப் போவதாக அறிவித்தது. அந்தச் செலவு பில்லில் ஏறுகிறது. கட்டுபவர்கள் அங்கேயும் முணுமுணுக்கிறார்கள்.

★ கானமயிலுக்குப் பக்கப் பார்வை பிரமாதம், நேர்ப் பார்வை மந்தம். கனத்த உடம்பு வேறு. எதிரே கம்பி வந்தால் சட்டென்று திரும்ப முடியாது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தான், குஜராத்தில் அது வாழும் இடங்களில் லைன்களைப் புதைக்கச் சொன்னது. சூரிய மின்சாரம் வெளியே வருவதும் அதே பகுதி வழியாகத்தான். அத்தனை பரப்பிலும் உயர் அழுத்த லைனைப் புதைக்க இயலாது என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் நீதிமன்றம் பொது உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது.

★ 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் களிமேடு. அப்பர் கோயில் சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேர் ஓடும் வீதிகளில் புதைவடம் வேண்டுமா என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நான்கு வீதிதானே? நீளமும் குறைவு, செலவும் அளவுக்குள். விழாவுக்கு விழா கம்பியைக் கழற்றி மாட்டும் வேலையும் மிச்சம்.

★ கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. வயல் சேற்றில் வண்டி இறங்காமல், புதுக் கம்பங்களை ஊழியர்கள் தோளில் சுமந்து போனார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தும், உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கேபிள் பெரும்பாலும் மண்ணுக்குள்தான். ஆனால் அது மேலே வந்து பிரியும் பில்லர் பாக்ஸ் நடைபாதையில், முழங்கால் உயரத்தில். வெள்ளம் அதைத் தொட்டதும் ஈபியே லைனை நிறுத்திவிட்டது. நிறுத்தாவிட்டால் தண்ணீரில் கால் வைத்தவர் கதி என்ன? வடிந்த பிறகும் பெட்டியைத் திறந்து காயவைத்துச் சோதித்துத்தான் ஓட்ட முடிந்தது.

காற்றுக்குப் பயந்து புதைத்தால் தண்ணீர் வந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், கடலோர மாவட்டங்களில் துணைமின் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் நிலையத்துக்கும் போகும் ஃபீடர்களை முதலில் புதைக்கலாம். வயலுக்கு நடுவே ஒற்றைப் பம்புசெட்டுக்குப் போகும் லைன் கம்பத்திலேயே இருக்கட்டும். சாய்ந்தாலும் ஒரே நாளில் நிமிர்த்தலாம். பில்லர் பாக்ஸை வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்காமல் எந்த நகரத்திலும் கேபிள் போட்டுப் பயனில்லை.

★ கம்பியில் படுகிறது என்று மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மரக்கிளையைக் கழிக்கிறார்கள். கேபிளுக்குப் பள்ளம் வெட்டும்போது வேரைக் கழிக்கிறார்கள். கிளை துளிர்க்கும். ஒரு பக்க வேர் போன மரம், வர்தா மாதிரியான அடுத்த புயலில் அடியோடு சாயும்.

★ மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸையோ, வெளியே தலைநீட்டும் கேபிளையோ பார்த்தால் கிட்டே போகாதீர்கள். குச்சியால் தள்ளிப் பார்ப்பதும் வேண்டாம். ஈபியின் மின்னகம் எண் 94987 94987. இரவிலும் எடுப்பார்கள். தெருப் பெயரோடு பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் லைன்மேன் சீக்கிரம் வந்து சேருவார்.