செல்ல எலிக்குத் தொண்டை அடைத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிகிற நேரம். மாத்தளை உக்குவளைப் பக்கத்திலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டி என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசம்தான் முதலில் வந்தது. உள்ளே ஒரு வெள்ளை எலி, கழுத்திலிருந்து வயிறு வரை எண்ணெயில் ஊறி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தது பத்து வயதுப் பிள்ளை. கூடவே அம்மாச்சி.

"பாண் தின்னுச்சுங்க ஐயா, தொண்டையில சிக்கிருச்சு. தலையில தட்டுனேன், தண்ணி குடுத்தேன். வழுக்கிக்கிட்டு எறங்கட்டும்னு நல்லெண்ணெயும் ஊத்துனேன்" என்றார்.

பாண் சிக்கியது காலை ஏழு மணிக்கு. என்னிடம் வந்தது பின்னேரம் நான்கு மணிக்கு. பாண் துண்டு எப்போதோ இறங்கிவிட்டது. நான் போராடியது நுரையீரலுக்குள் போன எண்ணெயோடு. மறுநாள் இரவு எலி இறந்துவிட்டது.

இப்படி வருவது இது முதல் தடவை அல்ல. ஆடும் மாடும் கோழியும் பார்த்துக்கொண்டிருந்த மிருக வைத்தியர்களான எங்களிடம் இப்போது வெள்ளை எலி, ஹாம்ஸ்டர், கினிப்பன்றி எல்லாம் வருகின்றன. வரட்டும், சந்தோஷம். ஆனால் அவற்றில் பல, நோயால் அல்ல, வீட்டில் பார்த்த வைத்தியத்தால் வருகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எலியால் வாந்தி எடுக்க முடியாது

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். விழுங்கியதைத் திருப்பி வெளியே தள்ளும் வழி எலிக்கு இல்லை. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு எலி, சுண்டெலி, கினிப்பன்றி, பீவர் எனப் பல கொறிவிலங்குகளைச் சோதித்துப் பார்த்தது. ஒன்றுகூட வாந்தி எடுக்கவில்லை. எலிப்பாஷாணம் அவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கும் இது ஒரு காரணம்.

ஆகவே ஒட்டுகிற தீனி உணவுக்குழாயில் நின்றுவிட்டால் எலி அதை எச்சிலால் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க வேண்டும். பெரும்பாலும் அடைபடுவது உணவுக்குழாய்தான், மூச்சுக்குழாய் அல்ல. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் எலி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

எப்படித் தெரியும்?

தின்றுகொண்டிருந்த எலி சட்டென்று நிறுத்திவிட்டு மூலைக்குப் போகும். தாடையை நெஞ்சோடு சேர்த்து அழுத்தும். காதுகள் பின்னால் படியும். முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், சில எலிகள் பின்பக்கமாக நடக்கும். வாயோரம் எச்சில் நுரைக்கும். எச்சில் வழிவதைக் கண்டு "விசர் பிடித்துவிட்டது" என்று ஒருவர் கூண்டோடு வெளியே வைத்திருந்தார். அது விசர் அல்ல, விழுங்க முடியாத எச்சில்.

சில நாட்களாகத் தும்மல், மூச்சில் 'டிக் டிக்' சத்தம், கண்ணோரம் சிவப்புக் கசிவு என்றால் அது வேறு கதை. செல்ல எலிகளிடம் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் சுவாச நோய் மிகச் சாதாரணம். அந்தச் சிவப்பு இரத்தமும் அல்ல, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறம். தொண்டை அடைப்பு தின்னும்போது திடீரென்று வரும். நெஞ்சு நோய் நாள் கணக்கில் வளரும்.

நீங்கள் செய்வதும் அதனால் நடப்பதும்

தலையில் தட்டுவது: நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். மனிதனுக்கே அது ஆறுதல்தான். உங்கள் உள்ளங்கையை விடச் சிறிய உயிருக்கு அது அடி.

தண்ணீர் பருக்குவது: அடைபட்ட குழாய்க்கு மேலே ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்தில் திறந்திருக்கும் மூச்சுக்குழாய்க்குத்தான். கூண்டிலுள்ள தண்ணீர்ப் போத்தலையே எடுத்துவிடச் சொல்கிறேன். நீங்களோ சிரிஞ்சைத் தேடுகிறீர்கள்.

எண்ணெய், நெய், தேன்: இவைதான் எனக்கு அதிகம் கோபமூட்டுபவை. 300 கிராம் எலிக்கு 1 மில்லிலீட்டர் எண்ணெய் என்பது, எடைக் கணக்கில், 60 கிலோ மனிதனுக்கு 200 மில்லிலீட்டர். படுத்துக்கிடக்கும் ஒருவர் வாயில் ஒரு தம்ளர் எண்ணெய் ஊற்றுவீர்களா? நுரையீரலுக்குள் போன தண்ணீரையாவது உடம்பு உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும். எண்ணெய் அங்கேயே தங்கி அழற்சியைக் கிளப்பும்.

சோற்றுருண்டை, வாழைப்பழம்: மீன் முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லும் பழக்கம். எலியின் தொண்டையில் இருப்பதே உருண்டைதான். அதன் மேல் இன்னோர் உருண்டையா?

விரலைவிட்டு எடுப்பது: உங்கள் விரல் அதன் தொண்டைக்குள் போகாது. அதன் பல் உங்கள் விரலுக்குள் போகும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டால் அடைப்பு இன்னும் கீழே தள்ளப்படும்.

தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவது: கைத்தொலைபேசியில் யாரோ செய்து காட்டினார்களாம். கழுத்து முறியலாம், கை நழுவிச் சுவரில் மோதலாம். மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் எலியைச் சுழற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மிச்ச மருந்து: பிள்ளைக்கு வாங்கிய இருமல் பாணி, பாதிப் போத்தல் அன்டிபயோட்டிக். அடைப்புக்கும் அன்டிபயோட்டிக்குக்கும் என்ன சம்பந்தம்? எலி தப்பினாலும் தப்பும், ஆனால் அதே அமொக்சிசிலினைக் கினிப்பன்றிக்கோ ஹாம்ஸ்டருக்கோ கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம். "போனமுறை எனக்குச் சுகமானதே டொக்டர்" என்கிறார்கள். நீங்கள் கினிப்பன்றி இல்லையே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

கூண்டிலிருந்து தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். மற்ற எலிகள் இருந்தால் பிரித்து வையுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பயந்த எலி வேகமாக மூச்சு இழுக்கும். இழுக்கும்போது எச்சிலும் உள்ளே போகும். வாய்க்கு வெளியே தெரியும் எச்சிலைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் உட்காருங்கள்.

சில நிமிடங்களில், சிலவேளை ஓரிரு மணித்தியாலத்தில், பெரும்பாலான எலிகள் தாமே சரியாகிவிடும். முகத்தைக் கழுவித் துப்புரவாக்கத் தொடங்கினால் ஆபத்து தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு தண்ணீர். சில மணித்தியாலம் கழித்துக் கொஞ்சமாக, நீர்த்தன்மையுள்ள தீனி.

எப்போது ஓடிவர வேண்டும்?

வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? எலி மூக்கால்தான் மூச்சு விடும். வாய் திறந்தால் அபாயம். பாதமும் மூக்கு நுனியும் இளஞ்சிவப்பு மாறி நீலம் பாரிக்கிறதா? கையில் எடுத்தால் துவண்டு கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், இரண்டு மணித்தியாலம் கடந்தும் எச்சில் வழிந்தாலும், காத்திருக்க வேண்டாம். தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி கையில் தாங்கிக்கொண்டு வாருங்கள். புறப்படும்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மாத்தளையில் யாரும் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை நெரிசலையும் கணக்கில் எடுங்கள். பின்னேரம் வரை வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் வழியிலேயே முடிந்துவிடும்.

என்னிடம் கொண்டுவந்தால், அடைப்பு எங்கே என்று பார்க்கத் தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்போம்.

எலிக்காய்ச்சல் வராதா?

நியாயமான கேள்வி. 2008 இல் நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானபோது, அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் வரும். கூண்டில் பிறந்து வளர்ந்த எலிக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் இரவில் காட்டெலி வந்து அதே தீனியைத் தின்றால் அந்த வித்தியாசம் போய்விடும். கூண்டைக் கழுவும்போது கையுறை போடுங்கள். எலியைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். கடித்தால் காயத்தை நன்றாகக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். வயலுக்கு இறங்குவதற்கென்று அப்பாவுக்குக் கொடுத்த டொக்சிசைக்கிளினை எடுத்து நீங்களாக விழுங்க வேண்டாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

புதுப் பாணின் உள்பக்கம் எச்சில் பட்டால் களியாகிவிடும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். தொதல், அலுவா, பாற்சோறு, கச்சான் வெண்ணெய், பிசினோடு இருக்கும் பலாச்சுளை, அவித்த மரவள்ளி இவையும் அப்படித்தான். புத்தாண்டுப் பலகாரத்தில் எலிக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள், வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைத் தன் கையாலேயே எலிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எலிகள் இருந்தால் இரண்டு இடத்தில் தீனி வையுங்கள். பறித்துக்கொண்டு ஓடும் எலிதான் மெல்லாமல் விழுங்கும்.

எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம். அந்தக் கொஞ்சக் காலத்தை ஒரு துண்டுப் பாணுக்கும் ஒரு கரண்டி எண்ணெய்க்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை சிக்கினால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் மணிக்கூட்டைப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டால் வீட்டில் நிற்காதீர்கள்.