பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை

2025 நவம்பர் டித்வா புயலின் பின் கண்டிப் பகுதிக்குத் திரும்பும் குடும்பங்களே, உடைந்த வீட்டின் கதவுப் பலகைகளையும் மரச் சட்டங்களையும் விறகாக்கிவிடாதீர்கள். பிள்ளை படிக்க ஒரு மேசை செய்யலாம்.

சேற்றைக் கழுவி, ஆணிகளைப் பிடுங்குங்கள். உளுத்ததை ஒதுக்கிவிட்டு, மீதியை இடையிடையே சிறு கட்டைகள் வைத்து நிழலில் அடுக்குங்கள். கண்டியின் ஈரத்தில் காயச் சில வாரங்கள் ஆகும். ஈரப் பலகையை அறைந்தால் பின்னர் சுருங்கி வெடிக்கும்.

பிள்ளையைக் கதிரையில் நேராக இருத்தி, நிலத்திலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள். அதுவே மேசையின் உயரம். மேற்பலகை 3 அடி நீளம், 1½ அடி அகலம் போதும். 2 அங்குலக் கால்கள் நான்கையும் மேலே சுற்றிவரச் சட்டத்தால் இணைத்தால் மேசை ஆடாது.

மரம் போதாவிட்டால், பலாமரம் தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுங்கள்.

மேசையை யன்னலோரம் வையுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வரட்டும்.