செய்தாரா, கேட்டாரா, வந்து போனாரா?
நெய்வேலியில் ஓர் எம்.எல்.ஏ.வின் சாதனை மலரைப் படிப்பது எப்படி?

நெய்வேலி நகரியத்தின் நடராசர் கோயிலில் ஒரு மனுப்பெட்டி இருக்கிறது. குறையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வரலாம். மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளைக்கு வேலையா, பெண்ணுக்கு வரனா, தாளில் என்ன இருக்கிறது என்பது எழுதியவருக்கும் நடராசருக்கும்தான் வெளிச்சம்.

ஊரில் மனு வாங்கும் இன்னோர் இடம் எம்.எல்.ஏ. அலுவலகம். அங்கே கொடுத்த மனுக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதில், ஆண்டு முடிவிலோ தேர்தல் நெருங்கும்போதோ வந்து சேரும். வழவழத் தாளில் அச்சான 'சாதனை மலர்', வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல், பேருந்து நிலையத்துப் பதாகை என அதற்குப் பல வடிவம். பேரவையில் நிறைவேறிய சட்டங்கள், தொகுதியில் திறந்த கட்டடங்கள், தலைமை ஏற்ற விழாக்கள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் இருக்கும். அதை எப்படிப் படிப்பது? வினைச்சொல்லைப் பார்த்துப் படிக்க வேண்டும். 'செய்தேன்' என்பது ஒன்று, 'கேட்டேன்' என்பது இன்னொன்று, 'கலந்துகொண்டேன்' என்பது வேறொன்று. மூன்றும் கலந்து கிடப்பதைப் பிரித்தால்தான் கணக்கு தெரியும்.

நெய்வேலிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

மற்ற ஊர்களில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நகரியத்துக்குள் அந்தக் கதவே கிடையாது. சாலை, குடிநீர், குப்பை, குவார்ட்டர்ஸ் எல்லாம், சுரங்கமும் அனல்மின் நிலையமும் நடத்தும் என்எல்சி நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் கையில். தொழில் நிறுவனமே நகராட்சி வேலைகளைச் செய்யும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் விடுவதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ பிரிவு இடம் தருகிறது. நெய்வேலியைச் சுற்றிய ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். சில நூறு அடி தள்ளி, நகரியத்தின் வட்டங்களுக்குள் (பிளாக்குகளுக்குள்) குடியிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் இரண்டே பேர்: எம்.எல்.ஏ., எம்.பி.

ஆகவே, கவுன்சிலரிடம் சொல்ல வேண்டியதையும் எம்.எல்.ஏ.விடமே சொல்லுகிறார்கள். ஆனால் நிலமும் சாலையும் நிறுவனத்துடையவை. நிறுவனமோ ஒன்றிய அரசுடையது. சட்டமன்ற உறுப்பினர் சென்னையில் கை தூக்கலாம். நெய்வேலியில் ஒரு நிழற்குடை கட்டக்கூட நிறுவனத்தின் இசைவு வேண்டும்.

தொகுதி மறுவரையறைக்குப் பிறகு நெய்வேலி தன் பெயரிலேயே ஒரு தொகுதியாக முதலில் வாக்களித்தது 2011-ல். அப்போது அதிமுகவின் எம்.பி.எஸ். சிவசுப்பிரமணியன் வென்றார். 2016, 2021 இரு தேர்தல்களிலும் திமுகவின் சபா. ராசேந்திரன். 2021-ல் பாமக வேட்பாளரை அவர் முந்தியது 977 வாக்குகளில். இரண்டு மூன்று வட்டங்கள் மனம் மாறினால் முடிவு மாறக்கூடிய தொகுதி இது. சாதனை மலர் அச்சடிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

'செய்தேன்': சட்டம் எங்கே தொட்டது?

சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டம் இயற்றுவது. ஆனால் பெரும்பாலான மலர்களில் இந்தப் பகுதிதான் ஒல்லியாக இருக்கும். சட்ட முன்வடிவுகளில் பலவும் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில், குரல் வாக்கெடுப்பில், மளமளவென்று நிறைவேறுவதும் இதற்கு ஒரு காரணம். அப்படி நிறைவேறியவற்றில் நெய்வேலியை நேராகத் தொட்ட மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது வேலை நேரம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன், பக்கத்துத் திட்டக்குடி தொகுதிக்காரர். ஒருநாள் வேலை நேர வரம்பிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தம் அது. ஊர் வாய்க்கு அது '12 மணி நேர வேலைச் சட்டம்' ஆனது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இதில் ஒரு நெய்வேலி நுணுக்கம் உண்டு. அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர் அன்று தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் இருந்தார். சென்னையின் திருத்தம் அவரைத் தொட்டிருக்கும். சுரங்கத்தில் இறங்குபவர் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் இருந்தார். அது டெல்லியின் கை. ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்கு அன்று வேறுவேறு சட்டம் இருந்தது.

இரண்டாவது நிலம். தொழில்களுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு 1997-லேயே தனிச் சட்டம் இருந்தது. 2013-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த புதிய நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மாநிலச் சட்டங்கள் செல்லுமா என்ற வழக்கில் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் 'செல்லாது' என்றது. அந்த ஆண்டே பேரவை ஒரு புத்துயிர்ச் சட்டம் நிறைவேற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நிலம் கொடுத்த குடும்பத்தில் இழப்பீட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் 'எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள்?' என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

2020-ல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களை அது மண்டலத்துக்குள் கொண்டுவந்தது. நெய்வேலியை ஒட்டிய குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. 'டெல்டாவைக் காத்தோம்' என்று மலரில் ஒரு வரி இருந்தால், கோடு எங்கே போடப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய ஊர் இது.

மூன்றாவது வரி. சுரங்க நிலத்துக்கு மாநிலம் வரி போடலாமா என்பது பழைய வழக்கு. தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் 'கூடாது' என்றது. 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அந்த டிசம்பரிலேயே கனிம வளம் கொண்ட நிலங்களுக்கான வரிச் சட்டத்தைத் தமிழ்நாடு பேரவை நிறைவேற்றியது; 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வரி விதிக்கப்பட்ட கனிமங்களில் பழுப்பு நிலக்கரியும் ஒன்று. நெய்வேலி மண்ணைத் தோண்டுவதற்கு டன் கணக்கில் சென்னைக்குப் பணம் போகிறது. அதில் எவ்வளவு தோண்டிய இடத்துக்குத் திரும்புகிறது என்பது எம்.எல்.ஏ. பேரவையிலேயே எழுப்பத்தக்க கேள்வி.

பேரவையில் நிறைவேறியதும் முன்வடிவு சட்டமாகிவிடுவதில்லை. ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். கிடப்பில் இருந்த பத்து முன்வடிவுகள் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது. எனவே 'நிறைவேற்றினோம்' என்ற சொல்லைப் பார்த்தால், 'அரசிதழில் வந்ததா?' என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

'கேட்டேன்': வெறும் வாய்ப்பேச்சா?

அப்படித் தள்ளிவிடவும் முடியாது. தீர்மானம், கவன ஈர்ப்பு, கடிதம், ஆர்ப்பாட்டம் எல்லாம் இந்த வகை. சட்டத்தின் பலம் இவற்றுக்கு இல்லை. அரசியலின் பலம் உண்டு.

2013-ல் என்எல்சியின் பங்குகளை விற்க ஒன்றிய அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விற்பதென்றால் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களுக்கே விற்கும்படி முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார். கடைசியில் 3.56 விழுக்காடு பங்குகளைத் தமிழ்நாட்டின் ஐந்து பொதுத்துறை நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. 'கேட்டேன்' என்பது 'செய்தேன்' ஆன அரிய இடம் அது. காசு கொடுத்ததால் ஆனது.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய நிலக்கரிப் பகுதிகள் இருந்தது தெரிந்ததும் பேரவையில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாள்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2024 டிசம்பர் 9 அன்று மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் பேரவை தீர்மானம் போட்டது; அடுத்த ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மேலூரிலிருந்து மக்கள் நடந்தே மதுரைக்குப் போனதைச் சொல்லாமல் அந்தத் தீர்மானத்தை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது.

கேட்டும் நடக்காதவையும் உண்டு. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வேலைக்காகக் கதிர் வரும் பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். உழுது விதைத்தது இந்த ஆண்டுதானே என்றார்கள் உழவர்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாமக நடத்திய போராட்டம் கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று சொன்னது உயர் நீதிமன்றம். பேரவைக்கு வெளியே தீர்ந்த வழக்கு அது. தொகுதியின் எல்லை ஒரு கோட்டில் நின்றுவிடும். சுரங்கத்தின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

'கலந்துகொண்டேன்': விழாக்களும் நிதியும்

படங்கள் நிறைந்த பக்கம் இதுதான். லிக்னைட் ஹாலின் புத்தகக் கண்காட்சி, வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம், பள்ளி ஆண்டு விழா, மிதிவண்டி வழங்கல் எனப் பொன்னாடைகள் நீளும். இவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. காவடி எடுத்து வரும் கூட்டத்தில் நடந்தால்தான் ஒப்பந்தத் தொழிலாளியின் குரலும் நிலம் கொடுத்தவரின் குரலும் இடைத்தரகர் இல்லாமல் காதில் விழும். ஆனால் புத்தகக் கண்காட்சியை 1998 முதல் நடத்துவது நிறுவனம். அதைத் தொகுதிக்குச் செய்த பணியின் கீழ் எழுதினால், பந்தியில் உட்கார்ந்தவர் சமைத்தேன் என்று சொன்ன கதையாகும்.

நிதியிலும் இதே பிரிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி எம்.எல்.ஏ. ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்த வேலை என்று அவர் பரிந்துரைப்பார். எனவே அது அவர் கணக்கு. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிய வகுப்பறை அவர் கணக்கல்ல. கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டை நிறுவனம் செலவிட்டாக வேண்டும். மூன்றாவது பானை ஒன்றும் இருக்கிறது: மாவட்டக் கனிம அறக்கட்டளை. சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பழைய குத்தகைகளுக்கு உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான பணம் அதில் சேருகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், பள்ளிக்கான பணம் அது. அதன் ஆளுமைக் குழுவில் மாவட்ட எம்.எல்.ஏ.க்களுக்கு இடம் உண்டு. அங்கே எத்தனை கூட்டத்துக்குப் போனார், எந்த ஊருக்கு எதைக் கேட்டு வாங்கினார் என்ற பத்தி எந்த மலரிலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எப்படிச் சரிபார்ப்பது?

முன்வடிவுகள் பேரவையின் இணையதளத்தில் கிடைக்கும். கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. தொகுதி நிதி எந்த வேலைக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். மலரை எடுத்து வைத்துக்கொண்டு, 'செய்தேன்' என்ற ஒவ்வொரு வரிக்கும் எதிரே சட்டத்தின் பெயரையோ அரசாணை எண்ணையோ எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வரிகளைக் 'கேட்டேன்' பக்கம் தள்ளுங்கள். அங்கேயும் கடிதத்தின் தேதி இல்லையென்றால், அது மாலையும் பொன்னாடையும் இருக்கும் மூன்றாவது பக்கத்துக்கு உரியது.

நடராசர் கோயில் பெட்டியில் போட்ட மனுவுக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. அது நம்பிக்கை. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது, தேதி போட்ட ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மலர் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.